ரத்தம் உறையாக் குறைபாடும் சிறுநீரகக் கல்லும்: சிறுநீரக அறுவை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் மகனுக்கு 19 வயது, கடுமையான ஹீமோஃபிலியா ஏ. சிறுநீரகத்தில் 11 மில்லிமீட்டர் கல் இருக்கிறது. கத்தியே படாமல் அதிர்வலையால் உடைத்துவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா, ஐயா?

பதில்: வேண்டாம், அம்மா. வெளியே காயம் தெரியாவிட்டாலும், கல்லை உடைக்கும் அதே அலை சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களையும் கிழிக்கிறது. மற்றவர்களுக்கு அது பெரும்பாலும் ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பதோடு அடங்கிவிடும். உங்கள் மகனுக்கோ சிறுநீரகத்தைச் சுற்றி ரத்தம் கட்டிக்கொள்ளக்கூடும். முதுகில் துளையிட்டுக் கல் எடுப்பதிலும் ரத்தப்போக்கு அதிகம். சிறுநீர்த் துவாரத்தின் வழியே வளையும் உள்நோக்கியைச் செலுத்தி, ஹோல்மியம் லேசரால் கல்லைப் பொடியாக்குவதே அவருக்கு ஏற்றது. அதற்கும் முன்பாக ஃபேக்டர் 8 எனும் ரத்தம் உறையவைக்கும் புரதத்தைச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள் உடலில் உள்ளதா என்று (இன்ஹிபிட்டர் சோதனை) பார்த்து, அந்த ஃபேக்டரை ஏற்றி, அதன் அளவை 80 முதல் 100 சதவீதத்துக்குக் கொண்டுவருவார்கள். ஏற்றிய ஃபேக்டர் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடும் என்பதால், சிகிச்சைக்குப் பிந்தைய நாட்களுக்கும், சிறுநீர் வடிய உள்ளே வைக்கும் தற்காலிகக் குழாயான ஸ்டென்ட்டை எடுக்கும் நாளுக்கும் போதுமான மருந்து இருப்பில் உள்ளதா என்று ரத்தவியல் மருத்துவரிடம் உறுதிசெய்த பிறகே தேதி குறியுங்கள்.

கேள்வி: கல் வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போடலாமா?

பதில்: கூடாது. அது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் வேலையைக் கெடுக்கும். தசையில் குத்திய இடத்திலும் ரத்தம் கட்டும். பாராசிட்டமாலை நரம்பு வழியே கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஊசி வேண்டாம் என்றால், டைக்ளோஃபெனாக் மாத்திரை?

பதில்: மேலே சொன்னதுதான். மாத்திரையும் கூடாது.

கேள்வி: நான் செவிலியர். சிறுநீரில் ரத்தம் வந்தால் டிரானெக்சாமிக் அமிலம் கொடுத்து நிறுத்தலாமே? பல் பிடுங்கும்போது இவர்களுக்குக் கொடுக்கிறோமே?

பதில்: வாயில் உறைந்த ரத்தம் அங்கேயே நிற்பது நல்லது. சிறுநீர்க்குழாயிலோ அது புழுப்போல நீண்ட கட்டியாகி, கல்லைப் போலவே பாதையை அடைத்து, அதே வலியைத் தரும். அந்தக் கட்டியைக் கரைக்க உடல் செய்யும் வேலையைத்தான் இந்த மருந்து தடுக்கிறது.

கேள்வி: முதுகுவழிக் கல் அறுவையில் அதே மருந்தைக் கொடுத்து ரத்தப்போக்கைக் குறைக்கிறார்களே, மருத்துவரே?

பதில்: உண்மை, நல்ல கேள்வி. ஆனால் அங்கே அறுவை மருத்துவர் கட்டியைக் கண்ணால் பார்த்து அகற்றலாம், வடிகுழாயும் வைக்கலாம். வீட்டில் சிவப்பாகச் சிறுநீர் கழிக்கும் ஹீமோஃபிலியா நோயாளிக்கு அந்த வசதி எதுவும் இல்லை. அவருக்கு ஓய்வும், நிறையத் திரவமும், தேவைப்பட்டால் ஃபேக்டரும்தான் வழி.

கேள்வி: எனக்கு வான் வில்பிராண்டு நோய், அதுவும் ரத்தம் சரியாக உறையாத குறைபாடுதான். அதற்கு டெஸ்மோபிரசின் மருந்து எடுக்கிறேன். கல்லுக்காக நாள்தோறும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள்.

பதில்: இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். அம்மருந்து தண்ணீரை உடலிலேயே தேக்கும். அதோடு மிகுதியாகக் குடித்தால் சோடியம் குறைந்து வலிப்பு வரலாம். மருந்து எடுக்கும் நாளில் எவ்வளவு குடிக்கலாம் என்பதை ரத்தவியல் மருத்துவரே சொல்லட்டும்.

கேள்வி: வாழைத்தண்டுச் சாறு?

பதில்: உணவாகச் சாப்பிடுங்கள். 11 மில்லிமீட்டர் கல்லை அது கரைக்காது.

கேள்வி: இதய ஸ்டென்ட்டுக்காக ஆஸ்பிரின் எடுக்கிறேன், கல் அறுவைக்கு முன் நிறுத்தட்டுமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். இதய மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: தம்பிக்கு ஹீமோஃபிலியா. கல் அடைத்திருப்பதாக நேற்று ஸ்கேனில் வந்தது. இன்று குளிர்காய்ச்சல். வலிக்கு டைக்ளோஃபெனாக் கொடுத்துவிட்டுக் காலை வரை பார்க்கலாமா?

பதில்: டைக்ளோஃபெனாக் கொடுக்காதீர்கள், காலை வரை காத்திருக்கவும் வேண்டாம். அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமித்தொற்று உயிருக்கே ஆபத்து. ஃபேக்டர் ஏற்றிய கையோடு, கீழிருந்து ஸ்டென்ட் வைத்துச் சிறுநீரை வடியவிட வேண்டும். நோய் விவர அட்டையையும் வீட்டில் இருக்கும் ஃபேக்டரையும் எடுத்துக்கொண்டு, ரத்தவியல் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு இப்போதே புறப்படுங்கள்.