அல்சைமர் மூளையில் மெத்தில் மாற்றம்: எப்படி அளக்கிறார்கள், எங்கே ஏமாறுகிறோம்?

கேள்வி: அல்சைமர் வந்தவர்களின் மூளையில் எபிஜெனெடிக் மாற்றங்கள் உண்டு என்கிறார்கள். அவற்றை எப்படி அளக்கிறார்கள்? அவைதான் நோய்க்குக் காரணமா?

எபிஜெனெடிக் மாற்றம் என்பது டிஎன்ஏவின் எழுத்துகள் மாறாமல், அதிலும் அதைச் சுற்றியுள்ள புரதங்களிலும் ஒட்டும் வேதிக் குறிகள் மாறுவது. மெத்தில் அப்படி டிஎன்ஏவில் ஒட்டும் ஒரு குறி. மாற்றம் இருப்பது உறுதி. காரணமா என்று கேட்டால், எந்த செல்லில் அளந்தார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இறந்தபின் தானமாக வந்த மூளையில் சிறு துண்டு எடுத்து டிஎன்ஏ பிரிப்பார்கள். சுமார் 500 நானோகிராம் போதும். அதை பைசல்பைட் என்ற வேதிப்பொருளில் வினைபுரிய விட்டால், மெத்தில் ஒட்டாத சைட்டோசின் (டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்று) யுராசில் என்ற வேறு எழுத்தாக மாறிவிடும். ஒட்டியது அப்படியே நிற்கும். பிறகு டிஎன்ஏவின் குறிப்பிட்ட இடங்களைப் படிக்கும் சிப்பில் ஏற்றிப் படிப்பார்கள். 8.5 லட்சம் இடங்களைப் படிக்கும் சிப்கூட, மெத்தில் ஒட்டக்கூடிய சுமார் 2.8 கோடி இடங்களில் 3 சதவீதத்தைத்தான் தொடுகிறது. மெத்திலுக்கு நெருங்கிய ஹைட்ராக்சிமெத்தில் என்ற குறி ஒட்டிய சைட்டோசினும் மாறாமல் நிற்பதால், சாதாரண பைசல்பைட் இரண்டையும் ஒன்றாகவே காட்டும். ரத்தத்தில் இது பெரிய பிழை ஆகாது. மூளையில் ஹைட்ராக்சிமெத்தில் ஏராளம் என்பதால் ஆக்சிஜனேற்றப் படி ஒன்றைச் சேர்த்துத்தான் பிரித்தறிய முடியும்.

இதைவிடப் பெரிய பொறி செல் கலவை. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். டிஎன்ஏவின் ஓரிடத்தில் நியூரானில் (நரம்பு செல்) 80 சதவீதம் மெத்தில், கிளியாவில் (நியூரானுக்குத் துணையான மூளை செல்கள்) 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் பாதிக்குப் பாதி இருந்தால் அளவு 60 வரும். நோயில் நியூரான்கள் செத்து, அவற்றின் பங்கு 40 சதவீதமாகக் குறைந்தால் 56 வரும். எந்த செல்லிலும் எதுவும் மாறவில்லை, ஆனாலும் 4 புள்ளி வித்தியாசம்! இத்துறைக் கட்டுரைகளில் வருவதும் பெரும்பாலும் இந்த அளவு வித்தியாசம்தான்.

இதற்கு வழி உண்டு. உறைந்த திசுவில் முழு நியூரான் தேறாது, ஆனால் உட்கரு தேறும். திசுவை அரைத்து, சுக்ரோஸ் கரைசலில் சுழற்றி உட்கருக்களைப் பிரித்து, நியூரான் உட்கருவில் இருக்கும் நியூஎன் என்ற புரதத்துக்கான ஒளிரும் ஆன்டிபாடியைச் சேர்த்தால் நியூரான் உட்கருக்களைத் தனியே எடுத்துவிடலாம். அதிகச் செலவு, அதிக வேலை. ஆனாலும் தவிர்க்கக் கூடாது என்பது என் கருத்து. 2014இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஏஎன்கே1 மரபணுவில் மெத்தில் மாற்றத்தைக் கண்டன. நோய் அதிகம் தாக்காத சிறுமூளையில் அது தெரியவில்லை. பின்னர் செல்களைப் பிரித்துப் பார்த்தபோது அந்த மாற்றம் கிளியாவில் வெளிப்பட்டது. நியூரானையே நோக்கியிருந்த பலரின் பார்வை இதனால் திரும்பியது.

இன்னொரு சாதாரணத் தவறு: நோயாளிகளின் மாதிரிகளை ஒரு சிப்பிலும் மற்றவர்களுடையதை இன்னொரு சிப்பிலும் ஏற்றுவது. அப்படிச் செய்தால் சிப்புகளுக்கு இடையிலான வித்தியாசமே நோய் போலத் தெரியும். எந்தக் கணக்கும் பிறகு அதைச் சரிசெய்யாது, தொடக்கத்திலேயே கலந்துதான் ஏற்ற வேண்டும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் இறந்தபின் எடுத்த மூளை ஒரே ஒரு கணத்தைத்தான் காட்டும். முந்தியது நோயா மாற்றமா என்று சொல்லாது. அதற்கு மாற்றத்தை நாமே உண்டாக்கியோ தடுத்தோ பார்க்க வேண்டும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் லி-ஹுய் சாய் குழு 2012இல் அதைச் செய்தது, ஆனால் மெத்திலில் அல்ல, வேறொரு எபிஜெனெடிக் குறியில். நரம்புச் சிதைவுள்ள எலிகளின் ஹிப்போகேம்பஸில் (நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதி) எச்டிஏசி2 என்ற நொதியைக் குறைத்தார்கள். டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் ஒட்டிய அசிட்டைல் குறியை நீக்கும் நொதி அது. செத்த நியூரான்கள் திரும்பவில்லை. எஞ்சியவற்றின் இணைப்புகள் மீண்டன, நினைவுத்திறனும் திரும்பியது. இதை மருந்தாக்குவதில் உள்ள சிக்கல், இப்போதுள்ள தடுப்பான்கள் எச்டிஏசி2ஐ மட்டும் பிடிப்பதில்லை என்பது. அமைப்பில் அதற்கு மிக நெருங்கிய எச்டிஏசி1ஐயும் சேர்த்துத் தடுக்கின்றன. அதுவோ நியூரானின் டிஎன்ஏ சேதத்தைச் சரிசெய்ய வேண்டிய நொதி.