தனி ஆல்பம்: வேறு வைப்பா, பாகப்பிரிவினையா?

கேள்வி: நாங்கள் நால்வர். காரைக்குடியில் கல்லூரியில் படித்தபோது, 2016இல் ஒரு ராக் இசைக்குழு தொடங்கினோம். நான் டிரம்ஸ் வாசிக்கிறேன். கானாடுகாத்தானில் பாடகரின் பாட்டையா காலத்து வீட்டில், முற்றம் தாண்டிய உள்பகுதியான இரண்டாம் கட்டில்தான் இத்தனை ஆண்டுகளாகப் பயிற்சி. முகூர்த்த மாதங்களில் கல்யாண வரவேற்புகளில் சினிமாப் பாட்டு வாசித்துச் சேர்த்த பணத்தில் மிக்ஸர், ஸ்பீக்கர், டிரம்ஸ் எல்லாம் வாங்கினோம். எட்டுப் பாடல்களுடன் முதல் ஆல்பம் வெளியிட்டோம். இரண்டாவது பாதியில் நிற்கிறது. சென்ற மாதம் பாடகர் சென்னையிலிருந்து தன் தனி ஆல்பத்தின் போஸ்டரை வெளியிட்டார். அதைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரியும். பத்து நாளில் கிட்டார் வாசிப்பவரும் தன் தனி ஆல்பத்தை அறிவித்துவிட்டார். பேஸ் கிட்டார் நண்பர் யாரிடமும் பேசுவதில்லை. நான் போட்ட மூன்று மெட்டுகளைக் குழு எடுத்துக்கொண்டதே இல்லை. இது துரோகம் இல்லையா? நானும் ஓர் ஆல்பம் செய்துவிடட்டுமா? குழுவின் பெயரும் பாடல்களும் யாருக்கு? என் டிரம்ஸை ஒரு நாள் இரவில் போய் எடுத்து வந்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தேவகோட்டை

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் பயிற்சி செய்த வீட்டின் வழக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். திருமணமான மகனை 'வேறு வைப்பது' நகரத்தார் குடும்பங்களில் நெடுநாளைய வழக்கம். அவனுக்கு வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில், ஓர் அறையும் தனி அடுப்பும் உண்டு. ஆண்டுக்கு இவ்வளவு என்று அரிசியும் பருப்பும் அளந்து கொடுப்பதும் உண்டு. ஆனால் வாசல் பக்கத்து முகப்பு பொது, வளவு பொது, முன்னோருக்குப் படைக்கும் படைப்பும் பொது. தனி அடுப்பு மூட்டியதற்காக அந்த வீட்டில் யாரும் யாரையும் துரோகி என்றதில்லை, ஏனென்றால் அடுப்பு எந்த நாளில் மூட்டப்படும், எது தனி, எது பொது என்பதெல்லாம் முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டிருக்கும். பாகப்பிரிவினை என்பது முற்றிலும் வேறான காரியம். உங்கள் பாடகர் செய்திருப்பது இந்த இரண்டில் எது என்று உங்களுக்கும் தெரியவில்லை, ஒருவேளை அவருக்கே தெரியாமலிருக்கலாம் என்பதுதான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது.

தனி ஆல்பம் செய்வது துரோகம் அல்ல. குழுவின் பொது ருசிக்குள் அடங்காத பாட்டுகள் ஒருவரிடம் சேர்ந்துபோகும்போது அவற்றுக்கு ஒரு வழி வேண்டும். அவர் செய்த தவறு, உங்களிடம் சொல்லாமல் ஊருக்குச் சொன்னது. அது சிறிய தவறு அல்ல. ஆனாலும் அது நாகரிகக் குறைவுதான், அதைத் துரோகம் என்னும் கணக்கில் எழுதிவிட்டால் பிறகு பேசுவதற்கு எதுவும் மிஞ்சாது. கிட்டார் நண்பரின் அவசரம் எனக்கு இதைவிடக் கவலை தருகிறது. பத்து நாளில் அறிவிக்கப்படும் ஆல்பத்தில் பாட்டைவிடக் கோபமே மிகுதியாக இருக்கும் என்று அஞ்சுகிறேன்.

பீட்டில்ஸ் குழுவின் கதையை நீங்கள் அறிந்திருப்பீர்கள். ஆனால் அதில் டிரம்ஸ் வாசித்தவர் பட்ட பாட்டைக் கவனித்திருக்கிறீர்களா? 1970இல் நால்வரில் ஒருவரான பால் மெக்கார்ட்னியின் முதல் தனி ஆல்பமும் குழுவின் கடைசி ஆல்பமும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வெளியாகும் நிலை ஏற்பட்டது. தேதியைத் தள்ளிவைக்குமாறு கேட்டு மற்றவர்கள் எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு மெக்கார்ட்னியின் வீட்டுக்குப் போனவர் அந்த டிரம்ஸ்காரர் ரிங்கோ ஸ்டார். மெக்கார்ட்னி அவரை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லிவிட்டார். முடிவில் ஏப்ரல் 17 அன்று தனி ஆல்பமும், மே மாதத்தில் குழுவின் ஆல்பமும் வந்தன. இத்தனைக்கும் ரிங்கோவே அதற்கு முந்தைய மாதம் தம் தனி ஆல்பத்தை வெளியிட்டிருந்தார். அதனால் வீடு பற்றி எரியவில்லை. அங்கே பூசல் மூண்டது தனி ஆல்பம் என்பதற்காக அல்ல, தேதிக்காகவும் அதன் பின்னாலிருந்த நிர்வாகச் சண்டைக்காகவும்தான். அந்த ஆண்டின் கடைசி நாளில் மெக்கார்ட்னி, குழுவின் தொழில் கூட்டைக் கலைக்கக் கோரி லண்டனில் வழக்குத் தொடுத்தார். சட்டப்படி அது முடிவுக்கு வர 1975 ஜனவரி ஆயிற்று. நால்வர் சேர்ந்து பாடிப் புகழ்பெற்ற காலத்தோடு ஒப்பிட்டால், பிரிந்ததைப் பிரிந்ததாக எழுதி முடிப்பதற்கு அவர்களுக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று பாருங்கள்.

முன்கூட்டியே பேசி வைத்தால் மட்டும் குழு பிழைத்துவிடும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் கிஸ் குழுவினர் நால்வரும் 1978 செப்டம்பர் 18 அன்று, ஒரே நாளில், ஆளுக்கொரு தனி ஆல்பத்தைக் குழுவின் பெயரை உறையில் தாங்கியே வெளியிட்டார்கள். வேறு வைப்புக்கு அதைவிட ஒழுங்கான ஏற்பாடு இருக்க முடியாது. ஆயினும் 1980இல் டிரம்ஸ் வாசித்தவர் போனார். 1982இல் முன்னணி கிட்டார் வாசித்தவரும் போனார். அதற்கு மாறாக, ஜெனிசிஸ் குழுவின் ஃபில் காலின்ஸ் 1981இல் தனியாகப் பெரும் புகழ் பெற்ற பிறகும் 1996 வரை குழுவிலேயே இருந்தார். அவரும் உங்களைப் போல டிரம்ஸில் தொடங்கியவர்தான் என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நம் பக்கத்திலும் இதற்கு உதாரணம் உண்டு. விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் பதின்மூன்று ஆண்டுகள் சேர்ந்து இசையமைத்து, 'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டத்தையும் சேர்ந்தே பெற்று, 1965இல் பிரிந்தார்கள். விஸ்வநாதன் தனியாகவும் ஓய்வில்லாமல் இசையமைத்தார். ராமமூர்த்திக்குக் கிடைத்த படங்கள் குறைவு. பிரிவு எல்லோருக்கும் ஒரே மாதிரி அமைவதில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 1995இல், மீண்டும் ஒரு படத்துக்குச் சேர்ந்து இசையமைத்தார்கள். உங்கள் நால்வரில் யார் விஸ்வநாதன், யார் ராமமூர்த்தி என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. பாடுகிறவருக்குத்தான் எதிர்காலம் என்று நீங்கள் முடிவு கட்டிக்கொண்டிருப்பது கடிதத்தில் தெரிகிறது.

இனி, எது யாருக்கு என்ற உங்கள் கேள்வி. இதில் உணர்ச்சிக்கு இடமில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு பாட்டில் வரிகளுக்கு எழுதியவரும், மெட்டுக்கு அதை அமைத்தவரும், ஒலிப்பதிவுக்கு அதைச் செய்வித்தவரும் உரிமையாளர்கள். மூன்றும் தனித்தனி உரிமைகள். வாசித்தவருக்கு நிகழ்த்துநர் என்ற முறையில் உரிமை உண்டு, ஆனால் அது மெட்டின் உரிமை ஆகாது. முதல் ஆல்பத்தின் எட்டுப் பாடல்களையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வரி யாருடையது, மெட்டு யாருடையது, ஒலிப்பதிவுக் கூலியை யார் கொடுத்தது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நால்வரும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அந்தத் தாளுக்கு மதிப்பு உண்டு. பாடல்களை இணையத்தில் ஏற்றிய கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது, வருகிற தொகை யாருடைய வங்கிக் கணக்குக்குப் போகிறது, பாதியில் நிற்கும் ஆல்பத்தின் மூலப் பதிவுகள் யார் வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன என்பதையும் அதிலேயே குறியுங்கள். பெரும்பாலும் பூசல் வருவது இந்த மூலப் பதிவு விஷயத்தில்தான்.

கூட்டாகத் தொழில் செய்து வருமானத்தைப் பங்கிட்டு வந்திருந்தால், பத்திரம் எழுதாவிட்டாலும் அதை 1932ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பங்காண்மையாகக் கொள்ள இடமுண்டு. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது லாபத்தில் எல்லோருக்கும் சம பங்கு. பாடகர் என்பதால் கூடுதலும் இல்லை, டிரம்ஸ் என்பதால் குறைவும் இல்லை. குழுவின் பெயரை வணிகக் குறியாக (டிரேட்மார்க்) பதிவு செய்திருக்கிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. பதிவு செய்தால் பத்து ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். ஆனால் நால்வரில் ஒருவர் மட்டும் ஓடிப்போய்த் தன் பெயரில் பதிவது நான்கு பேருக்கும் வழக்குச் செலவைத்தான் வைக்கும். பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழுவிலிருந்து 1985இல் விலகிய ரோஜர் வாட்டர்ஸ், மற்றவர்கள் அந்தப் பெயரில் தொடரக்கூடாது என்று நீதிமன்றம் வரை போனார். 1987இல் உடன்பாடு ஏற்பட்டது, மற்றவர்கள் அதே பெயரில் தொடர்ந்தார்கள். பெயர் யாருக்கும் வேண்டாம், நால்வரும் சேர்ந்தால் மட்டும் எடுப்போம் என்று பூட்டி வைக்கும் முடிவும் ஒன்று உண்டு. எனக்கு அதுவே பிடித்தது.

நீங்களும் தனி ஆல்பம் செய்யலாமா என்றால், அந்த மூன்று மெட்டுகளுக்காகச் செய்யலாம். போஸ்டருக்குப் பதில் போஸ்டராகச் செய்ய வேண்டாம். பீட்டில்ஸில் ஜார்ஜ் ஹாரிசனின் பாட்டுகளுக்கு ஒவ்வொரு ஆல்பத்திலும் சில இடங்களே கிடைத்துவந்தன. அப்படித் தேங்கியிருந்த பாட்டுகளையும் சேர்த்து அவர் 1970 நவம்பரில் கொண்டுவந்தது மூன்று இசைத்தட்டுகள் கொண்ட ஆல்பம். குழு ஒதுக்கியது என்பதால் ஒரு மெட்டு மட்டமானது ஆகிவிடாது. அதற்காக உயர்ந்ததும் ஆகிவிடாது. அவற்றை முழுப் பாட்டாக்கிப் பாருங்கள். பாடுவதற்கு ஆள் வேண்டுமே என்று தயங்காதீர்கள். ரிங்கோ 1973இல் வெளியிட்ட ஆல்பத்தில், வழக்கு நடந்துகொண்டிருந்த அந்த நாளிலும், மற்ற மூவரும் வெவ்வேறு பாட்டுகளில் அவருக்காக வந்து சேர்ந்தார்கள். யாருடனும் முகம் முறித்துக்கொள்ளாதவருக்கு அப்படி ஒரு வசதி உண்டு, அந்த இடத்தில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள்.

ஆகவே முதலில் பாடகருக்கு நீங்கள் தொலைபேசியில் பேசுங்கள். குழுவின் வாட்ஸ்அப்பில் எழுத வேண்டாம். ஆல்பம் நன்றாக வரட்டும் என்று சொல்லிவிட்டு, ஊருக்கு வரும்போது நால்வரும் அந்த வீட்டு முகப்பில் ஒரு மாலை உட்கார வேண்டும் என்று கேளுங்கள். அன்று கேட்க வேண்டியது ஒன்றே: இது வேறு வைப்பா, பாகமா? வேறு வைப்பு என்றால் பாதியில் நிற்கும் ஆல்பத்துக்கு ஒரு தேதி குறித்து, தனி ஆல்பங்கள் அதற்கு இத்தனை மாதம் முன்னோ பின்னோ வரட்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். பாகம் என்றால் ஐந்தொகை போட்டு, அதாவது இருப்பையும் கடனையும் கணக்கெடுத்து, முடியுங்கள். அந்த வீட்டுக்காரர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பேஸ் வாசிக்கும் நண்பரை நீங்களே நேரில் போய் அழைத்து வாருங்கள், பேசாமல் இருப்பவரை விட்டுவிட்டு எடுக்கும் முடிவு நிற்காது.

கடைசியாக டிரம்ஸ். கடிதத்தின் நடுவில் அதைப் பொதுப் பணத்தில் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். கடைசி வரிக்குள் அது 'என் டிரம்ஸ்' ஆகிவிட்டது. பாடகருக்கும் 'நம் மெட்டு' ஏறத்தாழ இப்படித்தான் 'என் மெட்டு' ஆகியிருக்கும், தம்பி. இரவில் போக வேண்டாம். வாசிப்பதற்கு அது உங்களுக்கு வேண்டும் என்றால் மற்ற மூவரிடமும் சொல்லிவிட்டு, என்னென்ன எடுத்தீர்கள் என்று எழுதி வைத்துவிட்டு, பகலில் எடுங்கள். அந்த வீட்டில் பெரியவர்கள் யாரேனும் இருந்தால் முதலில் அவர்களைப் பார்த்துவிட்டுப் பிறகு இரண்டாம் கட்டுக்குப் போங்கள்; இத்தனை ஆண்டுகள் உங்கள் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டவர்கள், எதற்காக எடுத்துப்போகிறீர்கள் என்று கேட்பார்கள்.