மின் விஞ்ச் இழுக்கும்போது வடத்தின் அருகில் ஏன் நிற்கக் கூடாது?

மின் விஞ்ச் என்பது வண்டியின் பேட்டரியால் இயங்கும் மோட்டார், உருளையொன்றைச் சுழற்றிக் கம்பிவடத்தைச் சுருட்டி இழுக்கும் கருவியாகும். தனுஷ்கோடி மணலில் புதைந்த ஜீப்பை இழுக்கையில், வடம் கவணில் இழுத்த ரப்பரைப் போல ஆற்றலைச் சேமித்துக்கொள்கிறது; வடமோ கொக்கியோ அறுந்தால் அது முழுவதும் ஒரே நொடியில் வெளிப்பட்டு, ஆளை வெட்டும் வேகத்தில் வடம் திரும்பிப் பாயும். ஆகவே வடத்தின் நடுவே கனமான ஈரச் சாக்கைப் போட்டு, அனைவரையும் வடத்தின் நீளத்துக்கும் அப்பால் நிறுத்த வேண்டும். உருளையில் குறைந்தது 5 சுற்றுகள் எஞ்சியிருப்பதும் அவசியம், ஏனெனில் பிடிப்பைத் தருவது அவற்றின் உராய்வே தவிர முனையிலுள்ள திருகாணி அன்று. பேட்டரி இறங்காதிருக்க எஞ்சின் ஓடட்டும்.

உப்புக்காற்று வீசும் இக்கரையில், வேலை முடிந்ததும் வடத்தை நன்னீரில் கழுவி உலர்த்துவதைத் தள்ளிப்போடவே கூடாது என்பேன்.

செயற்கை இழை வடத்தில் ஆபத்தே இல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். அது சேமிக்கும் ஆற்றல் குறைவுதான், ஆனால் அதன் முனையிலுள்ள இரும்புக் கொக்கி பறந்து வந்து தாக்கக்கூடும்.