நிசான் சன்னி எஃப்.பி.14 கார் சூடானதும் நின்றுவிடுகிறது, எஞ்சின் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

வேண்டாம். புகை இல்லை, ஒயில் குறையவில்லை, பத்து நிமிடம் ஆறவிட்டால் திரும்ப ஸ்டார்ட் ஆகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தேய்ந்த எஞ்சின் இப்படி விளையாட்டுக் காட்டாது. இதில் இருக்கும் ஜி.ஏ.15.டி.ஈ. எஞ்சினில் இந்தக் குணத்துக்கு முதல் சந்தேகம், பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர்தான்.

1994இல் வந்த இந்த மொடலில் பிழையைக் கண்டுபிடிக்க ஸ்கேனர்கூடத் தேவையில்லை. டாஷ்போர்டுக்குக் கீழே, நடுக் கொன்சோலுக்குள் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி, ஈ.சி.யூ., இருக்கும். அதில் சின்னத் திருகு ஒன்றும் சிவப்பு விளக்கும் உண்டு. சாவியை ஓன் வரை மட்டும் திருப்புங்கள். திருகை வலப்பக்கமாக முட்டத் திருப்பி, இரண்டு செக்கன் விட்டு, இடப்பக்கமாக முட்டக் கொண்டுவாருங்கள். பலம் காட்டினால் உடைந்துவிடும். விளக்கு நீளமாக மினுங்கினால் பத்து, குறுக மினுங்கினால் ஒன்று; கூட்டினால் வருவது பிழை எண். கராஜில் பட்டரியைக் கழற்றி வைத்திருந்தால் பிழைப் பதிவு அழிந்திருக்கும்; காரை இன்னொரு தரம் நிற்கவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

11 வந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சென்சர். 360 கீறல் போட்ட தட்டு சுற்ற, ஒளி அதனூடாகப் போய் எஞ்சினின் கோணத்தைச் சொல்லும். சீல் தளர்ந்து ஒயில் உள்ளே வந்தால் அந்த ஒளி மங்கும். துடைத்தால் கொஞ்ச நாள் ஓடும், அவ்வளவுதான். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றுமுன் அதன் உடலிலும் எஞ்சின் ஹெட்டிலும் சேர்த்து ஒரு கோடு கீறி வையுங்கள், இல்லாவிட்டால் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், நகரும். 21 என்றால் இக்னிஷன் சிக்னல். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் கொயிலையும் அதை இயக்கும் பவர் டிரான்சிஸ்டரையும் பாருங்கள்.

12 என்றால் எயார்ஃப்ளோ மீற்றர், எஞ்சினுக்குள் போகும் காற்றை அளப்பது. எஞ்சின் ஓடும்போது அதை ஸ்குரூ டிரைவர் பிடியால் மெல்லத் தட்டுங்கள். தடுமாறினால் உள்ளே ஈயப்பற்று வெடித்திருக்கிறது, திரும்பப் பற்றவைக்கலாம். அதற்குள் கார்ப் கிளீனர் (கார்புரேட்டர் கழுவும் ஸ்பிரே) அடிக்காதீர்கள். இது முழுதாகப் போனால் நிமிடத்துக்கு 2,400 சுற்றுக்கு மேல் எஞ்சின் ஏறாது. அதைப் பார்த்துத்தான் பலர் "எஞ்சின் போச்சு" என்கிறார்கள்.

"டொயோட்டா கொரோலா 110 வாங்கியிருக்கலாமே" என்று வரப்போகிறவர்களுக்கு: அதன் பெற்றோல் எஞ்சினுக்கு டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும், இதில் செயின். காலையில் ஓரிரு செக்கன் கிலுகிலுத்தால் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பாருங்கள்.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தார்கள். இடையில் இந்தப் பழசுகளுக்குக் கேட்ட விலையை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அதிலும் விற்குமுன் எஞ்சினுக்குத் தண்ணீர் பீச்சிப் பளபளப்பாக்குகிறார்கள். வயர் கனெக்டரெல்லாம் பச்சை பிடிக்கிறது.

55 வந்தால் பிழை பதிவாகவில்லை. அப்போது பின் சீற்றைத் தூக்கி, கார் நின்ற அந்த நேரத்திலேயே பெற்றோல் பம்புக்குக் கரண்ட் வருகிறதா பாருங்கள்.