பேசித் தீர்ந்த கதை

அன்புள்ள சார்,

வணக்கம். மூன்று வருடமாகக் கதை எழுதிப் பார்க்கிறேன். இணைய இதழ்களில் நான்கு வந்திருக்கின்றன. போன வருடம் இணையத்தில் ஒரு வாசிப்புக் குழுவில் சேர்ந்தேன். எழுபது எண்பது பேர் இருக்கிறோம். பாதிப் பேர் எழுதுகிறவர்கள், மீதிப் பேர் வாசிப்பதோடு சரி. இரவு ஒன்பது மணிக்கு மேல் பேச்சு சூடுபிடிக்கும். படிமம் என்றால் என்ன, கதைசொல்லியை நம்பலாமா கூடாதா, முடிவைத் திறந்து விடுவதா மூடுவதா என்று ஒரு மணி வரைகூடப் போகும். பத்து வருடம் தனியாகப் படித்திருந்தாலும் இவ்வளவு தெரிந்துகொண்டிருக்க மாட்டேன்.

ஆனால் சேர்ந்த நாளிலிருந்து ஒரு கதைகூட எழுதி முடிக்கவில்லை. மனதில் ஒன்று இருந்தது. அக்கா, தங்கை. தங்கைக்கு அம்மாவின் கையெழுத்தை அப்படியே எழுத வரும். அம்மா இறந்த பிறகு, தனக்கு அம்மா கடைசியாக எழுதியதுபோல ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லி அக்கா கேட்கிறாள். இதைக் குழுவில் சொன்னேன். மூன்று இரவு அதைப் பற்றியே பேசினோம். "தங்கை ஏன் சம்மதித்தாள்?" என்று ஒருவர் கேட்டார். "குற்றவுணர்ச்சியால்" என்றேன். எல்லோருக்கும் பிடித்துப்போனது. இப்போது எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு வரியும் கதைச்சுருக்கம் மாதிரி வருகிறது.

இன்னொன்று. போன வருடம் வெளியான ஒரு கதைக்கு ஐம்பது பின்னூட்டம் வந்தது. அவற்றை வைத்துக்கொண்டு ஆறு முறை திருத்தினேன். இப்போது வாசித்தால் யாரோ எழுதியது போலிருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது? பேசாமல் குழுவை விட்டு வெளியே வந்துவிடட்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வெளியே வர வேண்டாம். அந்தக் கதையை மட்டும் இனி யாரிடமும் சொல்லாதீர்கள். என்னிடமும் சொல்லியிருக்க வேண்டாம்.

தங்கை ஏன் சம்மதித்தாள் என்று ஒருவர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கும் உங்கள் பதிலுக்கும் நடுவே எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? ஒரு நிமிடம்? உங்கள் பெயருக்குக் கீழே "தட்டச்சு செய்கிறார்" என்று காட்டிக்கொண்டிருக்கும். எழுபது பேரில் பத்துப் பேராவது அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் "தெரியவில்லை" என்று போட யாருக்கும் மனம் வராது. எழுதுகிறவள் என்று பெயர் எடுத்தாயிற்று, தன் கதையே தெரியாது என்று எப்படிச் சொல்வது? கைக்கு எட்டியதை எடுத்து வைத்தீர்கள். குற்றவுணர்ச்சி என்பது எந்தக் கதைக்கும் எட்டுகிற உயரத்தில்தான் இருக்கிறது.

கேட்டவர்மேல் தப்பே இல்லை. நல்ல கேள்வி. அது நல்ல கேள்வியாக இருந்ததுதான் வம்பு. தங்கை ஏன் சம்மதித்தாள் என்று தெரியாததால்தான் அந்தக் கதை உங்களை விடாமல் சுற்றிக்கொண்டிருந்தது. தெரிந்துகொள்ளத்தான் எழுத உட்கார்ந்திருப்பீர்கள். எட்டாவது பக்கத்தில் அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்ச் சம்பந்தமில்லாமல் எதையோ செய்வாள், அதைப் பார்த்ததும் ஓ இதற்காகவா என்று உங்களுக்கே தூக்கிவாரிப் போட்டிருக்கும். மூன்று வாரம் கழித்து வந்திருக்க வேண்டிய பதிலை ஒரு நிமிடத்தில் வரவழைத்துவிட்டீர்கள். அது பழுக்காத பதில். ஆனாலும் பத்துப் பேர் தலையாட்டியாயிற்று. இனி தங்கை வாயைத் திறந்தாலே குற்றவுணர்ச்சிதான் வரும்.

நேரில் கதை சொல்லும்போதும் இது நடக்கும் என்றாலும் அங்கே ஒரு வசதி உண்டு. எதிரே இருப்பவரின் முகம் தெரியும். இந்த இடத்தில் கண் விரிந்தது, அந்த இடத்தில் கதவுப் பக்கம் பார்த்தார் என்று நமக்குள் குறித்துக்கொள்ளலாம். அவருக்கும் பேச்சு மறந்துவிடும். குழுவில் எல்லாம் எழுத்தாகவே நிற்கிறது. நீங்கள் மூன்று இரவு பேசியதை மேலே தள்ளிப் பாருங்கள், அந்தக் கதையை ஏற்கெனவே எழுதி முடித்தாயிற்று. மோசமாக எழுதி, வெளியிட்டு, பாராட்டும் வாங்கியாயிற்று. ஒரே கதையை இரண்டாம் தடவை எழுதக் கை எப்படி வரும்?

இனி என்ன செய்வது? மூன்று இரவும் யாரும் தொடாத ஏதோ ஒரு மூலை மிச்சம் இருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள். எனக்குப் பட்டது அந்தக் கையெழுத்து. போலிக் கையெழுத்தை ஆராய்கிறவர்கள் எழுத்தின் உருவத்தை மட்டும் பார்ப்பதில்லை, ஓட்டத்தையும் பார்ப்பார்கள். சொந்தக் கையெழுத்து ஓடும். பார்த்து எழுதியது ஊரும். கோட்டில் மெல்லிய நடுக்கம் இருக்கும், அழுத்தம் ஏறி இறங்காமல் ஒரே சீராகப் போகும், எடுக்கக் கூடாத இடத்தில் பேனாவை எடுத்து வைத்த தடம் தெரியும். உங்கள் தங்கைக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அவளுக்குக் கை பழகிவிட்டது. ஆனால் எப்போது பழகியது? பள்ளியில் மதிப்பெண் அட்டைக்கு அம்மாவுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்ட நாளில் பழகியிருந்தால், அவள் கையில் இருப்பது முப்பத்தைந்து வயது அம்மாவின் எழுத்து. கையெழுத்துக்கும் வயதாகிறது. கடைசிக் காலத்தில் அம்மாவின் எழுத்து சாய்ந்து, உடைந்து, வரியை விட்டு இறங்கியிருக்கும். அக்கா பிரித்துப் படிக்கப்போகிற கடைசிக் கடிதத்தை எழுதியவள் முப்பது வருடத்துக்கு முந்தைய அம்மா...

பாருங்கள், அந்தக் குழு மூன்று இரவில் செய்ததை நான் ஒரு பத்தியில் செய்துவிட்டேன். இவ்வளவு நேரம் உபதேசம் செய்தவனாலேயே கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை. அடுத்தவர் கதையைத் தொட்டுப் பார்ப்பது அவ்வளவு ருசியான வேலை. நான் சொன்னதைத் தயவுசெய்து கதையில் வைக்காதீர்கள். அது என் கதை ஆகிவிட்டது.

பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளாபேர் 1851-இல் தொடங்கிய 'மதாம் பொவாரி' நாவலை எழுதி முடிக்க ஏறக்குறைய ஐந்து வருடம் ஆனது. 1854 வரை இரவெல்லாம் எழுதிவிட்டு, லூயிஸ் கொலே என்ற கவிஞருக்குக் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினார். ஒரு பக்கத்துக்கு எத்தனை நாள் ஆனது, எந்த வாக்கியம் அடம்பிடிக்கிறது என்று ஒரே புலம்பல். நாவலை விட அந்தக் கடிதங்கள்தான் பிடிக்கும் என்கிறவர்கள்கூட உண்டு. அந்தப் பேச்சு அவரைக் காலி செய்யவில்லை. பேனாவைக் கீழே வைத்த பிறகு, ஒரே ஒரு ஆளிடம், அன்றைக்குப் பட்ட பாட்டைச் சொன்ன பேச்சு அது. கதாநாயகி ஏன் அப்படிச் செய்தாள் என்று விளக்கி எழுபது பேரின் ஒப்புதலை வாங்குவது வேறு காரியம்.

அவர் வாழ்க்கையிலேயே இன்னொரு சம்பவம் இருக்கிறது. 1849-இல், இதற்கு முந்தைய 'புனித அந்தோனியாரின் சோதனை' என்ற படைப்பை இரண்டு நண்பர்களை உட்காரவைத்து வாசித்துக் காட்டினார். நான்கு நாள், நாளைக்கு எட்டு மணி நேரம், மொத்தம் முப்பத்திரண்டு மணி நேரம். முடியும் வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது ஏற்பாடு. முடிந்ததும் நண்பர்கள் சொன்னது: நெருப்பில் போட்டுவிட்டு, இதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிடு. அந்த இருவரில் ஒருவரான மாக்ஸிம் து காம் பின்னால் எழுதிவைத்ததிலிருந்து நமக்கு இது தெரிகிறது. ஃப்ளாபேர் நொறுங்கிப்போனார். ஆனால் நெருப்பில் போடவில்லை. திரும்பத் திரும்ப எழுதி 1874-இல் வெளியிட்டார். நண்பர்களின் தீர்ப்பு சரியா என்பது இருக்கட்டும், எனக்குப் பிடித்தது முப்பத்திரண்டு மணி நேரம் வாயைத் திறக்காமல் கேட்டார்கள் பாருங்கள், அதுதான். இன்றைக்கு மூன்றாவது பத்தியிலேயே மறுமொழி போட ஆரம்பித்துவிடுகிறோம்.

யார் சொல்வதைக் கேட்பது என்ற கேள்விக்கு வருகிறேன். ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் 1861-இல் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலின் முடிவை அச்சுக்குப் போகிற நேரத்தில் ஒரு நாவலாசிரிய நண்பர் சொன்னார் என்று மாற்றி எழுதினார். பழைய முடிவு டிக்கன்ஸ் இறந்த பிறகு அவருடைய வாழ்க்கை வரலாற்றில் வெளிவந்தது. எது மேல் என்று இன்றுவரை சண்டை ஓயவில்லை. ஒருவர் பேச்சைக் கேட்டதற்கே இந்தக் கதி. நீங்கள் ஐம்பது பேரைக் கேட்டிருக்கிறீர்கள்.

என் அனுபவம் ஒன்று. சில வருடம் முன்பு ஒரு கதை எழுதினேன். அண்ணன் இறந்துபோகிறான். அவன் தனியாக இருந்த வீட்டைக் காலி செய்யத் தம்பி வருகிறான். இருவருக்கும் பத்து வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. கடைசியில் தம்பி வாசலில் நின்று, அண்ணன் நல்லவன்தானா, பிழை யார் பக்கம் என்றெல்லாம் யோசித்து, மூன்று பத்தியில் மனம் தெளிகிறான். அந்த மூன்று பத்தியை ஒரு மாதம் செதுக்கினேன். வெளியானதும் பேச்சு களைகட்டியது. தம்பி மன்னித்தது சரியா, அண்ணன் தரப்பைச் சொல்லாதது ஆணவமா, இது குடும்பம் என்ற அமைப்பின் மீதான விமர்சனமா. ஒருவர் முடிவையே மாற்றி எழுதி அனுப்பினார். உண்மையைச் சொன்னால் என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது, ஆனால் வேறு கதைக்கான முடிவு.

நடுவில் ஒருவர் இரண்டு வரி போட்டிருந்தார். "தம்பி வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறான். அங்கே போனைக் கீழே வைத்துவிட்டேன்." அவ்வளவுதான். யாரும் அதற்கு விருப்பக்குறிகூட இடவில்லை.

நான் கதையைத் திறந்து பார்த்தேன். ஆமாம், இருக்கிறது. எழுதிய நினைவே இல்லை. ஆளைப் பூட்டருகே கொண்டுபோக வேண்டியிருந்தது, கை தானாக எழுதியிருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் அப்போதுதான் வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறான். காலி வீட்டின் பூட்டை எதற்கு இரண்டு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும்? நான் ஒரு மாதம் செதுக்கிய மூன்று பத்தியும் அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருந்தன. தொகுப்பில் சேர்த்தபோது மூன்றையும் எடுத்துவிட்டேன். கதை பூட்டோடு முடிகிறது.

அவர் எனக்கு எந்த யோசனையும் சொல்லவில்லை, இதை எடு அதைச் சேர் என்று ஒரு வார்த்தை இல்லை. வாசிக்கும்போது எங்கே நின்றார் என்று மட்டும் சொன்னார். ஐம்பது பின்னூட்டத்தில் அப்படி இரண்டு இருந்தாலே பெரிய விஷயம். உங்களுடையவற்றைத் தேடிப் பாருங்கள், கட்டாயம் இருக்கும். நீளமானவற்றுக்கு நடுவே கண்ணில் படாமல் கிடக்கும். "இங்கே பின்னால் போய் மறுபடி வாசித்தேன்", "இந்த இடத்தில் யார் பேசுவது என்று குழம்பிவிட்டேன்", "பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள்தான் எடுத்தேன்". இவற்றோடு வாதாட முடியாது, அவருக்கு நடந்தது நடந்ததுதான். மற்றதெல்லாம் அவர் எழுத நினைக்கிற கதையைப் பற்றிய பேச்சு. சுவாரசியமாக இருக்கும், ரசியுங்கள். திருத்தும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இதை எழுதும்போது இறையனார் அகப்பொருள் என்ற இலக்கண நூலின் உரையில் வருகிற அந்தப் பழைய கதை ஞாபகம் வருகிறது. சங்கத்தில் நாற்பத்தொன்பது புலவர்கள், ஒரே நூலுக்கு ஆளுக்கொரு உரை. எது மெய்யுரை என்று தீர்க்க முடியவில்லை. எல்லோருமே வாதத்தில் கெட்டிக்காரர்கள், அதுதான் சிக்கல். கடைசியில் உருத்திரசன்மன் என்ற பிள்ளையை உட்காரவைத்து அவன் முன்னால் உரை சொல்கிறார்கள். வயது ஐந்து. வாய் பேச முடியாதவன். ஒவ்வொருவராகச் சொல்ல, பிள்ளை சும்மா இருக்கிறான். மருதன் இளநாகனார் சொல்லும்போது சில இடங்களில் கண்ணீர் வருகிறது, மயிர் சிலிர்க்கிறது. நக்கீரர் சொல்லும்போது சொல்லுக்குச் சொல் அப்படி ஆகிறது. சரி, இதுதான் உரை என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். கட்டுக்கதை என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் நாற்பத்தொன்பது பேர் பேசியே ஓய்ந்த இடத்தில், பேசத் தெரியாத ஒருவனைத் தேடிப் பிடித்து உட்காரவைத்த அந்தக் கற்பனையாளனுக்கு நம் குழுக்களைப் பற்றி நன்றாகவே தெரிந்திருக்கிறது.

உங்கள் குழுவிலும் பாதிப் பேர் வாசிப்பதோடு சரி என்கிறீர்கள். இரவு ஒரு மணி வரை நடக்கிற பேச்சில் அவர்கள் எத்தனை பேர் வாய் திறக்கிறார்கள்? படிமம், கதைசொல்லி என்ற பேச்சுக்கு நடுவே "எனக்கு அங்கே தொண்டை அடைத்தது" என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். அடுத்த கதை முடிந்ததும் குழுவில் போடாமல் அவர்களில் இரண்டு பேருக்குத் தனியாக அனுப்பிப் பாருங்கள். கருத்து கேட்காதீர்கள். எங்கே நின்றீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.

ஆறு முறை திருத்திய கதையின் முதல் பிரதி கைவசம் இருக்கிறதா? இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், மற்ற ஆறையும் மறந்துவிடலாம். இல்லையென்றால் அந்தக் கதையை விட்டுவிடுங்கள், போகட்டும்.

அக்கா தங்கை கதையை எழுதி முடித்தால் எனக்கு அனுப்புங்கள். நான் நின்ற இடத்தை மட்டும் எழுதுகிறேன், சத்தியமாக வேறொன்றும் சொல்ல மாட்டேன். அதுவரை அது எப்படிப் போய்க்கொண்டிருக்கிறது என்று எழுத வேண்டாம். இந்தக் கடிதத்துக்கும் பதில் வேண்டாம்.

அன்புடன்