பிளகினை நீக்கும்போதுதான் கவனம் வேண்டும்

"சொந்த சர்வரில் கன்ஃப்ளூயன்ஸ் வைத்திருக்கிறோம். ஆளாளுக்கு ஒரு பிளகின் கேட்கிறார்கள், எப்படிச் சமாளிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நாகர்கோவிலில் ஓர் அலுவலகத்தில் எனக்கும் இதே வேலைதான். கன்ஃப்ளூயன்ஸ் என்பது அலுவலகக் குறிப்புகளைப் பக்கங்களாக எழுதி எல்லோரும் பகிர்ந்துகொள்ள அட்லாசியன் நிறுவனம் தரும் மென்பொருள். அதில் கூடுதல் வசதிக்காகப் போடும் துணை நிரல்தான் பிளகின்.

போடும்போது எல்லோரும் யோசிக்கிறோம். யார் செய்தது, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், நம் பதிப்புக்குப் பொருந்துமா என்று பார்த்து, சோதனை சர்வரில் ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் போட்டால் போதும். எடுக்கும்போதுதான் கோட்டை விடுகிறோம்.

ஒரு ஐப்பசி மாதம், வெளியே அடைமழை. யாரும் தொடுவதில்லை என்று நினைத்து, படம் வரையும் பிளகின் ஒன்றை நீக்கினேன். பத்து நிமிடத்தில் கணக்குப் பிரிவுத் தம்பி வந்து நிற்கிறான்: "அண்ணே, லோடு ஏத்துற பக்கத்துல படத்தையே காணல. மேக்ரோ தெரியலன்னு என்னமோ வருது." மேக்ரோ என்றால், பக்கத்துக்குள் இப்படிப் படம் போன்றவற்றைக் காட்டும் சிறு கூறு. மார்த்தாண்டம் கிளையில் எந்தச் சரக்கை எந்த வரிசையில் ஏற்றுவது என்பது முழுக்க அந்தப் படத்தில்தான் இருந்தது. திரும்பப் போட்டதும் படம் வந்துவிட்டது. ஆனால் அதுவரை அங்கே லாரி காத்துக் கிடந்தது. நிர்வாகப் பகுதியில் எந்த மேக்ரோ எத்தனை பக்கங்களில் இருக்கிறது என்ற பட்டியல் உண்டு. அதை அன்று நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. நீங்கள் அதைப் பார்க்காமல் எதையும் நீக்காதீர்கள்.

இன்னொன்று இதைவிடப் பெரியது. 2022 ஜூலையில் 'குவெஸ்டின்ஸ் ஃபார் கன்ஃப்ளூயன்ஸ்' பிளகினில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. செய்தது வெளியாள் இல்லை, அட்லாசியனே. அதன் சில பதிப்புகளைப் போட்டால் 'டிஸேபிள்டுசிஸ்டம்யூசர்' (disabledsystemuser) என்றொரு பயனர் கணக்கு தானாக உருவாகும். கடவுச்சொல் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது, அதுவும் வெளியே கசிந்துவிட்டது. பிளகினை நீக்கினாலும் அந்தக் கணக்கு போகாது. நாமே தேடிப் பிடித்து முடக்க வேண்டும், இல்லையென்றால் அழிக்க வேண்டும். உங்கள் சர்வர் பழையது என்றால் இன்றே பயனர் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடுங்கள்.

புதுப்பித்த பிறகு ஏதாவது மக்கர் செய்தால் பதறி ஒவ்வொன்றாக நீக்க வேண்டாம். பிளகின் மேலாளரில் 'சேஃப் மோடு' இருக்கிறது. நாம் போட்ட பிளகின்களை மொத்தமாக நிறுத்தும், வெளியேறும்போது பழைய நிலைக்கே கொண்டுவரலாம். எல்லோரும் வேலையாக இருக்கும் நேரத்தில் மட்டும் அதைத் தொடாதீர்கள். டேட்டாபேஸ் பேக்கப் எடுப்பதைச் சொல்ல வேண்டியதே இல்லை.

அப்புறம், எங்களிடம் ஒரு எக்செல் இருக்கிறது. பிளகின் பெயர், யார் கேட்டார்கள், எந்தப் பக்கங்களில் இருக்கிறது, அது உருவாக்கிய பயனர் கணக்கு எது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. அந்தக் கடைசிக் கட்டத்தை 2022-க்குப் பிறகுதான் சேர்த்தேன்.