மஞ்சள், கார்பன் டை ஆக்சைடு, கொஞ்சம் எத்தனால்: கேள்வி பதில்

கேள்வி: மூலிகையிலிருந்து எண்ணெய் எடுக்க சூப்பர்கிரிட்டிக்கல் கார்பன் டை ஆக்சைடு என்கிறார்களே, சோடாவில் இருக்கும் அதே வாயுதானா சார்?

பதில்: அதேதான். 31 டிகிரி செல்சியஸ், சுமார் 74 பார் அழுத்தம் இரண்டையும் தாண்டினால் அது வாயுவுமில்லை, திரவமுமில்லை. வாயு மாதிரி தூளின் இண்டு இடுக்கெல்லாம் நுழையும், திரவம் மாதிரி எண்ணெயைக் கரைக்கும். அழுத்தத்தைக் குறைத்தால் வாயுவாகப் பிரிந்துவிடும். எண்ணெய் மட்டும் தங்கும்.

கேள்வி: ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம் செய்கிறேன். இந்த மெஷின் போட்டு, மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமினை எடுக்கலாமா?

பதில்: குர்குமினுக்காக மட்டும் என்றால் போடாதீர்கள். கார்பன் டை ஆக்சைடுக்கு எண்ணெய்ப்பசை உள்ள பொருள்கள்தான் ஒத்துவரும். டர்மரோன் நிறைந்த வாசனை எண்ணெயை அருமையாக இழுத்துவரும். குர்குமினில் பெரும்பகுதி தூளிலேயே கிடக்கும். 300 பாரில் ஓட்டி முடித்துத் திறந்து பாருங்கள்: வாசனை போயிருக்கும், மஞ்சள் நிறம் அப்படியே இருக்கும். எத்தனால் கலந்து விட்டால் கொஞ்சம் கூடுதலாக வரும். என் யோசனை, முதலில் எண்ணெயை எடுங்கள்; அப்புறம் மிச்சத் தூளை எத்தனாலில் ஊறவைத்து குர்குமினைப் பிரித்தெடுங்கள்.

கேள்வி: அமுக்கரா (அஸ்வகந்தா) எப்படி?

பதில்: அதே கதை. அதன் முக்கியப் பொருள்களான வித்தனோலைடுகளுக்கும் எத்தனால் துணை வேண்டும்.

கேள்வி: ஆவியில் வடித்தால் செலவு குறைவுதானே?

பதில்: குறைவுதான். ஆனால் சூடு சில பொருள்களையே மாற்றிவிடும். சீமைச்சாமந்தியை (கெமோமில்) பாருங்கள். ஆவியில் வடித்த எண்ணெய் நீலமாக இருக்கும். பூவில் அந்த நீலம் கிடையாது. பூவில் உள்ள நிறமில்லாத மேட்ரிசின் என்ற பொருள் சூட்டில் சிதைந்து சமாசுலீன் ஆவதால் வரும் நிறம் அது. கார்பன் டை ஆக்சைடில் 40 டிகிரியில் எடுத்தால் மேட்ரிசின் பெரும்பாலும் மேட்ரிசினாகவே வரும். நீலமாக இல்லையே, போலியா என்று சண்டைக்கு வருபவர்களும் உண்டு!

கேள்வி: தூளை மாவு மாதிரி அரைத்தும் எண்ணெய் குறைகிறதே?

பதில்: அதனால்தான் குறைகிறது. மாவு இறுகிக் கட்டியாகி, வாயு ஒரே ஓட்டை வழியாக ஓடிவிடும். ரவைப் பதம் போதும். ஈரமும் கூடாது, அழுத்தம் இறங்கும் வால்வில் குளிர் பிடித்துப் பனிக்கட்டி அடைத்துக்கொள்ளும். வால்வுக்குச் சூடு கொடுங்கள்.

கேள்வி: மெஷின் இருக்கும் அறையில் ஏசிக்காக ஜன்னலை அடைத்துவிட்டோம். மதியமானால் எல்லோருக்கும் தலைவலி.

பதில்: மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் உடனே வெளியே வாருங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும், மணமும் இருக்காது. கசிவைச் சரிசெய்து, முழங்கால் உயரத்தில் அலாரம் மாட்டி, தரையோரமாக எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்த பிறகு ஓட்டுங்கள்.